தலைவலிக்கு ஒரு கட்டம்

காலைப் பேப்பரைப் பிரித்ததும் ஒரு பிட் நோட்டீஸ் நழுவி மடியில் விழுந்தது. ரோஸ் நிறத் தாள். எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் கடையினுடையது. ஆதார் திருத்தம், பான் கார்டு, பட்டா, வில்லங்கச் சான்று, ரயில் டிக்கெட், கரன்ட் பில், டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன், பிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கல்லூரி புராஜெக்ட் என்று பொடி எழுத்தில் இறங்கிக்கொண்டே போய், அடியில் கொட்டை எழுத்தில் ‘அனைத்து வேலைகளும் அனைவருக்கும் ஒரே இடத்தில்’ என்று முடிந்திருந்தது. மை இன்னும் சரியாகக் காயவில்லை, கட்டைவிரலில் ஒட்டியது. அந்த வாடை என்னை நேராகச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட்டது.

அத்தையின் கடைக்கு அடித்த நோட்டீஸும் இதே ரோஸ் தாள்தான். எழுபதுகளின் கடைசி. பள்ளிப் படிப்புக்காக என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். வடக்கு வீதியிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஓட்டு வீடு, வாசலில் திண்ணை, திண்ணையை ஒட்டி ஓர் அறை. அத்தை தமிழ், ஆங்கிலம் இரண்டு தட்டச்சிலும் ஹையர் தேறியவர். ஓர் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதை மூடியபோது, நின்றுபோன சம்பளத்துக்குப் பதிலாக இரண்டு பழைய மெஷின்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தமிழுக்கு ஒரு ரெமிங்டன், ஆங்கிலத்துக்கு ஒரு ஹால்டா. இரண்டும் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய அன்று ஆயா சூடம் காட்டி, திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டார்.

நோட்டீஸ் வாசகம் மாமாவுடையது. நெல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். ‘வக்கீல்கள், பள்ளிக்கூடங்கள், வியாபாரிகள், மாணவர்கள், பொதுமக்கள் அனைவரும் வருக’ என்று ஒருவரையும் விடாமல் கூப்பிட்டிருந்தார். பேப்பர் போடும் பையனுக்குக் காசு கொடுத்து நான்கு வீதிக்கும் போடச் சொன்னார். கூப்பிட்ட அத்தனை பேரும் வந்தார்கள். அதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

வக்கீல் குமாஸ்தாக்கள் விளக்கு வைத்த பிறகு வருவார்கள். மறுநாள் பத்தரைக்குக் கோர்ட்டு, அதற்குள் மனு வேண்டும், நான்கு காப்பி வேண்டும். நான்கு காப்பி என்றால் தாளுக்கு நடுவே கார்பன் அடுக்கி, கடைசித் தாள் வரை எழுத்து இறங்கும்படி விசையைக் குத்தி அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்து நள்ளிரவில் அத்தை விரலைச் சொடுக்கெடுத்துக்கொண்டு எழுந்தால், காலையில் குமாஸ்தா தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “கட்சிக்காரர் இன்னும் தரலைம்மா, கணக்குல வச்சுக்க” என்பார். கணக்கில் வைத்தது கணக்கிலேயே இருக்கும்.

பள்ளிக்கூடங்களிலிருந்து பரீட்சைக் கேள்வித்தாள் வரும். அப்போது ஜெராக்ஸ் ஏது? ஸ்டென்சில்தான். ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத் தாளில் வெறும் எழுத்தால் துளைக்க வேண்டும். தப்பு விழுந்தால் நகப்பாலிஷ் வாடை அடிக்கும் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி, காய்ந்ததும் மேலே திரும்ப அடிக்க வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் பரீட்சை ஒரே வாரத்தில். அந்த வாரம் மூச்சு விட நேரமிருக்காது. பில், தலைமையாசிரியரிடமிருந்து தாளாளர் மேசைக்குப் போய், அங்கிருந்து இறங்கி வருவதற்குள் அடுத்த பரீட்சை வந்துவிடும். வியாபாரிகள் இரண்டு வரிக் கடிதம் கொண்டு வந்து, “ரெண்டு வரிக்கு ஒரு பக்கக் காசா?” என்று பேரம் பேசுவார்கள். பொதுமக்கள் கலெக்டருக்கு மனு எழுத வருவார்கள். அவர்கள் கதை சொல்லவே ஒரு மணி நேரம் ஆகும், மனு முக்கால் பக்கம் வரும்.

காலை முதல் ராத்திரி வரை மெஷின் ஓயாது. எதிர் வீட்டுக்காரர், “டக டகன்னு மத்தியானம் கண்ணசர முடியல” என்று சண்டைக்கு வந்ததும் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் கார்பனும் ரிப்பனும் வாங்கக் கீழ வீதிக் கடையில் கடன் சொல்லித்தான் நிற்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மண்டியிலிருந்து பழைய பேரேடு ஒன்றைக் கொண்டுவந்தார். பாதி வெற்றுத் தாள் மிச்சமிருந்தது. அத்தையின் நாள்வழி நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம், கடைக்காரர்களுக்கு ஒரு பக்கம், மனுவுக்கு ஒரு பக்கம் என்று பேரேட்டில் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம். முதல் மூன்றில் அடித்த பக்கம், ஆக வேண்டிய கூலி, கைக்கு வந்த வரவு. நான்காவது கட்டத்தின் தலையில் ‘த.வ.’ என்று எழுதினார்.

“த.வ.ன்னா என்னங்க? தள்ளுபடி வகையறாவா?” என்றார் அத்தை.

“தலைவலி” என்றார் மாமா.

ராத்திரி கண் விழித்தால் ஒரு பெருக்கல் குறி. வாடிக்கையாளர் வாசகத்தை மாற்றி முதலிலிருந்து அடிக்கச் சொன்னால் ஒன்று. பாக்கி கேட்டு வீட்டுக்கு நடந்தால் ஒன்று. வாய்த்தகராறு என்றால் இரண்டு. குறி போடும் வேலை எனக்கு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “இன்னைக்குத் தலைவலி எத்தனை அத்தை?” என்று கேட்டுப் போட்டுவிடுவேன். “மனுஷங்களுக்கா குறி போடுறீங்க?” என்று ஆயா முகம் சுளிப்பார். மாமா தலையை நிமிர்த்தாமல், “மண்டியில ஒவ்வொரு வியாபாரிக்கும் இப்படித்தான் ஆயா. எத்தனை மூட்டை எடுத்தான்கிறது பெருமைக்கு. எத்தனை மூட்டைக்குக் காசு வச்சான்கிறதுதான் கணக்கு” என்பார்.

சில மாதம் கழித்துப் பேரேட்டைப் புரட்டியபோது கோர்ட்டுப் பக்கத்தில் கூலிக் கட்டம் கொழுத்துக் கிடந்தது, வரவுக் கட்டம் இளைத்துக் கிடந்தது. நான்காவது கட்டத்தில் குறி போட இடமில்லாமல் நான் ஓரத்தில் போட்டிருந்தேன். பேரேட்டின் கடைசியில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு பதிவு. கூலியும் வரவும் ஒத்துப்போயிருந்தன. த.வ. கட்டம் வெறுமையாக இருந்தது. தலைப்பு: ஆய்வேடு.

அந்த மாணவர் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ரயில் பாதையைத் தாண்டினால் அண்ணாமலை நகர். 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். சோமசுந்தர பாரதியாரும் தெ.பொ.மீ.யும் வ.சுப. மாணிக்கமும் இருந்த தமிழ்த்துறை. அங்கே எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தவர், வேறோர் இடத்தில் அடித்து வாங்கிய ஆய்வேட்டை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் நெறியாளர் சிவப்பு மையில் சுழித்திருந்தார். திரும்ப முழுதும் அடிக்க வேண்டும்.

அத்தை தாளை உருளையில் ஏற்றுமுன் முதல் பக்கத்தைப் படித்தார். இது அவரிடம் இருந்த பழக்கம். என் தாத்தா தமிழ் வித்துவான். நன்னூல் சூத்திரம் ஒப்பித்தால்தான் அந்த வீட்டில் காலை இட்லி என்று அப்பா சொல்வார். அத்தை வல்லினம் மிகும் இடங்களை இட்லியோடு சேர்த்துச் சாப்பிட்டவர்.

“தம்பி, ‘பட்டத்திற்கு சமர்ப்பிக்கும் ஆய்வேடு’ன்னு இருக்கே, நடுவுல ‘ச்’ போட்டுடவா?”

அவர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். “அதுக்குத்தாங்க திருப்பித் திருப்பி அனுப்புறாரு.”

“அப்ப இப்படியே எல்லா இடத்துலயும் பார்த்துக்கறேன். சந்தேகம் வந்தா பென்சில்ல குறிச்சு வைக்கறேன், நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க.”

தமிழ் மெஷினில் மெய்யெழுத்து அடிப்பதே ஒரு தனி வித்தை. முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். வண்டி நகராது. அதன் பிறகு எழுத்தைத் தட்டினால் அது புள்ளிக்கு அடியில் வந்து உட்காரும். வேகமாக அடிப்பவர்கள் புள்ளியை விழுங்கிவிடுவார்கள். அத்தை அடித்தால் காதால் கேட்டே சொல்லிவிடலாம், லேசாக ஒரு தட்டு, பிறகு கனமாக ஒரு தட்டு. அந்த ஆய்வேடு நெறியாளரிடம் போய் ஏறக்குறையச் சுத்தமாகத் திரும்பி வந்தது. மாணவர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, “யார் அடிச்சதுன்னு சார் கேட்டாருங்க” என்றார்.

மாமா பேரேட்டை மூடிவிட்டு, “இந்தப் பக்கத்துலதான் ஆள் சேர்க்கணும்” என்றார்.

இந்த இடத்தில் இன்றைக்குக் கொஞ்சம் வருகிறேன். நோட்டீஸ் வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுக்கும் சாக்கில் அந்தப் புதுக் கடைக்குப் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. கூட்டம் மாரியம்மன் கோயில் கூழ் வரிசை மாதிரி நின்றது. “பரவாயில்லையே, நல்ல வியாபாரம்” என்றேன். “கூட்டம் இருக்கு சார், வாடகைக்குத்தான் இடிக்குது” என்று சிரித்தார். பாதிப் பேர் ஒரு பக்க ஜெராக்ஸுக்கு வந்தவர்கள். ஒருவர் செல்போனில் ஏதோ வரவில்லை என்று காட்டி இலவசமாகப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். “பேசாம காசு கொடுத்துட்டு, அடுத்த தடவையும் வர்றவங்க யாரு?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “பென்ஷன்காரங்க சார். உயிர்ச் சான்று எடுக்க வருவாங்க. கைரேகை சரியா விழலைன்னா பொறுமையா உட்கார்ந்திருப்பாங்க. முடிஞ்சா ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வருவாங்க.” மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். 2014-இல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு அதைக் கைரேகை வைத்தே அனுப்பிவிடலாம். வங்கிப் படி ஏறி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அந்தத் தம்பியின் பொறுமை பெரிய விஷயம். ஆனால் நோட்டீஸில் உயிர்ச் சான்று என்ற சொல்லே இல்லை. “அது எல்லாருக்கும் வேண்டியதில்லையே சார்” என்றார்.

எல்லாருக்கும் வேண்டியதில்லை என்பதால்தான் அதைப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார். அடுத்த ஆள் ஆதாரை நீட்டினார்.

சிதம்பரத்துக்கு வருவோம். ஆய்வேட்டுக்காரர்களை எங்கே பிடிப்பது? நான்கு வீதிக்கும் நோட்டீஸ் போட்டால் ஆயிரம் வீட்டுக்குப் போகும், ஆய்வேடு எழுதுகிறவர் ஒரு வீட்டிலும் இருக்க மாட்டார். அவர் விடுதியில் இருப்பார், இல்லாவிட்டால் நூலகத்தில். அத்தைக்குத்தான் யோசனை வந்தது. “எழுதி முடிச்சவங்க எல்லாரும் கடைசியில ஒரு இடத்துக்குப் போய்த்தானே ஆகணும்? பைண்டிங்குக்கு.”

பைண்டர் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மைதா பசை வாடை. காலிகோ துணி ஒட்டி, முதுகிலும் அட்டையிலும் தங்க எழுத்து பதித்த ஆய்வேடுகள் பாரக்கல்லின் கீழ் அடுக்கியிருந்தன. அத்தை யாரையும் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. “உங்களுக்கு இதுல என்னங்க தொல்லை?” என்றுதான் கேட்டார். அந்த மனிதர் அதற்காகவே காத்திருந்தவர் போலக் கொட்டினார். “எல்லா வேலையும் முடிஞ்சு என்கிட்ட வருவாங்கம்மா. இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டு அடிச்சிருந்தாத்தானே நான் கோக்க முடியும்? ஒரு அங்குலம்கூட விடாம அடிச்சிருப்பான். கோத்தா எழுத்து உள்ள போயிடும். பையன் என்னைத் திட்டுவான். நாளைக்குக் கடைசித் தேதிம்பான். சில பேரு பக்க எண்ணே போடாம வருவாங்க. காத்துல பறந்தா அவ்வளவுதான்.”

அத்தை ஒன்றரை அங்குலத்தைக் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் கடையிலிருந்து போகும் ஆய்வேட்டில் இடது ஓரம் பிசகாது, பக்க எண் விடுபடாது, எல்லாப் பிரதியும் வரிசையாகப் பிரித்து அடுக்கி, மேலேயும் கீழேயும் அட்டை வைத்து, நாடாவால் கட்டித்தான் போகும். பைண்டருக்கு வேலை பாதியாயிற்று. தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற பையன்களிடம் அவர், “அடுத்த தடவை உன் ஃப்ரெண்டு யாராவது எழுதினா வடக்கு வீதிச் சந்துல ஒரு அம்மா இருக்காங்க, அங்க போகச் சொல்லு” என்று சொல்ல ஆரம்பித்தார். கமிஷன் எதுவும் கிடையாது. தீபாவளிக்கு ஒரு டப்பா அதிரசம் போகும்.

ஆள் வரத் தொடங்கியதும் மாமா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பேரேட்டில் மாணவர் பெயருக்குப் பக்கத்தில் நெறியாளர் பெயரையும் எழுதச் சொன்னார். இரண்டு வருடம் போனதும் பார்த்தால், மாணவர் பெயர்கள் எல்லாம் வேறு வேறு, நெறியாளர் பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. “காசு கொடுக்கறது பையன். வேலை கொடுக்கறது வாத்தியார். பையன் ஒரு தடவை வருவான், வாத்தியார்கிட்ட வருஷா வருஷம் பையன் இருப்பான்” என்றார் மாமா. அந்தப் பேராசிரியர்களில் பலர் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் அவர்களில் யாருக்கு ‘இயல்’ பிடிக்கும், யாருக்கு ‘அதிகாரம்’ பிடிக்கும், யார் அடிக்குறிப்பைப் பக்கத்தின் அடியில் கேட்பார், யார் இயலின் முடிவில் கேட்பார் என்று அத்தை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். மாணவர் வந்து உட்கார்ந்ததும், “உங்க சார் யாரு?” என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்ததும் நோட்டைப் புரட்டுவார். பாதிப் பதற்றம் அங்கேயே தணிந்துவிடும்.

அடுத்து வந்தது கொஞ்சம் கஷ்டமான காரியம். குமாஸ்தாக்களை அனுப்புவது. ஆயா ஒத்துக்கொள்ளவே இல்லை. “வீட்டுக்கு வந்த லட்சுமியைப் போன்னு சொல்லுவாங்களா?” என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அத்தை முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் மெஷின் போட்டிருந்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தார். கோர்ட்டு வேலை அவருக்குக் கை வந்தது. மனு வாசகமெல்லாம் மனப்பாடம். குமாஸ்தாவிடம் காசை அங்கேயே கறந்துவிடுகிற சாமர்த்தியமும் உண்டு. எங்களுக்குத் தலைவலியான வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. “அண்ணே, இனிமே கோர்ட்டு வேலை வந்தா உங்ககிட்ட அனுப்பறேன்” என்றார் அத்தை. தமிழ் ஆய்வேடு வந்தால் அவர் பயந்து எங்களிடம் தள்ளிவிடுவார். ஆயாவின் லட்சுமி கோர்ட்டு வாசலில் சௌகரியமாகத்தான் இருந்தாள்.

மனு எழுத வரும் கிழவிகளை மட்டும் அத்தை அனுப்பவில்லை. விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டு என்று வருகிறவர்களுக்கு மத்தியான வேளையில் சும்மா அடித்துக்கொடுப்பார். வேலை தேடும் பையன்களின் பயோடேட்டாவும் அப்படித்தான். அவற்றைப் பேரேட்டில் ஏற்றக் கூடாது என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். “இது வீட்டுக் கணக்கு, கடைக் கணக்கு இல்ல.” தருமத்தையும் தொழிலையும் ஒரே கட்டத்தில் போட்டால் இரண்டுமே நஷ்டம் என்பது அவர் கட்சி.

ஆங்கில மெஷினுக்கு ஒரு வழி பிறந்தது இப்படி. அண்ணாமலையில் மொழியியல் உயராய்வு மையம் பெயர் பெற்றது. அங்கே ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கும், நடுநடுவே தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதியிருப்பார்கள். ட, ண, ள வந்தால் ஆங்கில எழுத்துக்கு அடியில் புள்ளி. ழ, ற, ன வந்தால் அடியில் கோடு. நெடில் என்றால் தலைக்கு மேல் கோடு. ஹால்டாவில் இதெல்லாம் கிடையாது. ஒலிக்குறிகளுக்கு இடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு மெல்லிய நிப்புப் பேனாவும் இந்தியன் இங்க்கும் கொண்டு கையால் போட வேண்டும். எல்லாப் பிரதியிலும் போட வேண்டும். ஊரில் இருந்த தட்டச்சர்கள் இந்த வேலை என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். அத்தை வாங்கிக்கொண்டார். பக்கத்துக்குச் சாதாரணக் கூலியைப் போல இரண்டு பங்கு கேட்டார். ஒருவரும் பேரம் பேசவில்லை.

புள்ளி வைத்தது நான்தான். பக்கத்துக்கு ஐந்து பைசா. கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பேன். நிப்பில் மை கூடினால் பொட்டு பரவிவிடும், குறைந்தால் தாள் கீறும். நாக்கின் நுனி தானாக வெளியே வந்துவிடும். அந்தக் காசில்தான் மணிக் கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து நான்கு வீதியையும் சுற்றினேன். வாடகை சைக்கிள் கடையும் போயிற்று, நிப்புப் பேனாவும் போயிற்று.

ஆய்வேடு வருடம் முழுக்க வராது. சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் அலை மோதும், மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். காலி மாதங்களில் குமாஸ்தாக்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்று மாமாவே ஒரு தடவை சலனப்பட்டார். அத்தை புது ஆளைத் தேடவில்லை, இருக்கிற ஆளுக்கு வேறென்ன வேண்டும் என்று தேடினார். இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றம் ஆண்டுக்கொரு முறை கருத்தரங்கு நடத்தி ஆய்வுக்கோவை வெளியிட்டுவந்தது. அதற்குக் கட்டுரை அனுப்பாத தமிழாசிரியர் அந்த நாளில் குறைவு. அந்தக் கட்டுரைகள் வந்தன. ஆய்வுச் சுருக்கம் வந்தது. பேராசிரியர்களின் புத்தகக் கையெழுத்துப் படி வந்தது. படித்து முடித்து வெளியூர்க் கல்லூரிகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், தங்கள் மாணவர்களை பஸ் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அப்படி வந்த ஒரு பையன் அத்தையிடம், “எங்க சார் சொன்னாரு, ‘ச்’ போடவான்னு கேப்பாங்க, போடுங்கன்னு சொல்லிடுன்னு” என்றான்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. சந்துக்குச் சந்து டி.டி.பி. சென்டர். எழுத்து அழகாக இருந்தது, திருத்துவது சுலபம், கூலி மளமளவென்று இறங்கியது. மெஷின்காரர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். கோர்ட்டு மரத்தடிப் பெரியவரும் போய்விட்டார். அப்போது நான் வேலையில் சேர்ந்திருந்தேன். கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அத்தை பழைய பேரேட்டை எடுத்து ஆய்வேட்டுப் பக்கத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். “இவங்க யாருமே என்கிட்ட டைப் அடிக்க வரலப்பா. தப்பு இல்லாம வரணும்னு வந்தாங்க. அதுக்கு எனக்கு மெஷின் எதுக்கு?”

திண்ணைப் பலகையை மாற்றி எழுதினார்கள். ‘மெய்ப்புத் திருத்தித் தரப்படும்’ என்று ஒரே வரி. டி.டி.பி. சென்டர்களில் வேலை செய்த பிள்ளைகள் வேகமாக அடிப்பார்கள், ஒற்று என்றால் என்ன என்று கேட்பார்கள். அடித்த தாள்கள் எங்கள் திண்ணைக்கு வந்து, சிவப்புப் பேனா பட்டு, திரும்பிப் போயின. போன வருடம் வரை போட்டியாக இருந்த கடைகளே வேலை கொண்டுவந்து கொடுத்தன. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு எழுத்துரு, ஒன்றில் அடித்தது இன்னொன்றில் திறந்தால் கண்ட எழுத்தாகக் கொட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்தார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இந்தக் களேபரத்தில் எத்தனையோ கடைகள் திறந்து மூடின. அத்தையின் சிவப்புப் பேனாவுக்கு எழுத்துருத் தொல்லை எதுவும் இல்லை.

இப்போது அந்தத் தொழிலே வேறு. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார்கள். எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளில் எடுத்தேவிட்டது. அத்தையின் பேரேட்டில் ஆய்வேட்டுப் பக்கத்தில் முதலில் விழுந்த பதிவுக்கு உரிய படிப்பு இன்று கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், இன்று அவர் இருந்து ஏதாவது தொழில் தொடங்கினாலும் இதே பேரேட்டைத்தான் திறப்பார்.

சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கு இன்று ஆலோசனை சொல்ல ஆள் நிறைய. விளம்பரம் எப்படிச் செய்வது என்று சொல்கிறார்கள், யாருக்குச் செய்வது என்று சொல்கிறவர்கள் குறைவு. என் அனுபவத்தில், நல்ல வாடிக்கையாளரை வெளியே தேடுவதற்கு முன் உங்கள் கணக்கு நோட்டிலேயே தேடுங்கள். அநேகமாக ஒருவர் ஏற்கனவே வந்துபோயிருப்பார். காசை முழுசாக வைத்திருப்பார், சண்டை போட்டிருக்க மாட்டார், உங்களிடம் இருக்கும் ஏதோ ஒன்று மற்றவரிடம் கிடைக்காமல்தான் வந்திருப்பார். அவர் ஏன் வந்தார், உங்களிடம் வருவதற்கு முன்னும் பின்னும் எந்தக் கடைக்குப் போகிறார், அவரை அனுப்பியது யார் என்று மூன்றையும் விசாரியுங்கள். பதில் கிடைத்த பிறகு நோட்டீஸ் அடியுங்கள். வேண்டாத வேலையை விடும்போது, அதை நன்றாகச் செய்யக்கூடிய ஒருவரிடம் கைமாற்றிவிட்டு விடுங்கள்.

அத்தை தொழிலை நிறுத்தியபோது பேரேட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆய்வேட்டுப் பக்கங்களில் ஒரு ரூபாய் பாக்கியில்லை. கோர்ட்டுப் பக்கத்தில் இருக்கிறது.